கற்பூரத்தின் முழுப்பெயர்

மய்யித்தைக் குளிப்பாட்டும் இறுதி நீரில் நாம் கலக்கும் கற்பூரத்தை அரபியர் காஃபூர் என்பர். வேதியியலார் இட்ட பெயரோ 1,7,7-ட்ரைமெத்தில்பைசைக்ளோ[2.2.1]ஹெப்டன்-2-ஓன். நீளத்தைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. 1900-இல் ஜெர்மானியர் பேயர் வகுத்த இம்முறையில் பெயரே வரைபடம். இதை மனனம் செய்யச் சொல்லும் வழக்கம் எனக்கு என்றும் உடன்பாடில்லை.

கள்ளக்குறிச்சியில் நான் பயிற்றுவித்த நாளில், கல்வராயன் மலையிலிருந்து வந்த மாணவியொருத்தி இப்பாடத்துக்கு அஞ்சிப் படிப்பையே நிறுத்த எண்ணினாள்.

"இரண்டு மலையூர்களை மூன்று தடங்கள் இணைக்கின்றன. தடங்களின் இடையே முறையே 2, 2, 1 சிற்றூர்கள். மொத்தம் எத்தனை, அம்மா?"

"ஏழு, ஐயா."

"அதுதான் ஹெப்டேன். முனையூர் ஒன்றில் எண்ணத் தொடங்கி, நீண்ட தடங்களைச் சுற்றி வந்து, குறுந்தடத்தை இறுதியில் எண்ணு."

பாலத்துக் கார்பன் 7 ஆவது அவளுக்கே விளங்கிற்று. மூன்று மெத்தில்களையும் கீட்டோனையும் எண் பார்த்து அமர்த்தினாள். 1893-இல் பிரெட் கண்டறிந்த கற்பூரத்தின் வடிவம் அவள் ஏட்டில் வந்திருந்தது.