பேசாத இரண்டு பெட்டிகள்

எங்கள் ஊர் திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று திருவூடல் உற்சவம் நடக்கும். அதற்கென்றே ஒரு தெரு. பெயரும் திருவூடல் தெருதான். சுவாமிக்கும் அம்பாளுக்கும் பிணக்கு வந்துவிட, நடுவில் சுந்தரமூர்த்தி நாயனார் தூது போவார்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஊடல் இருந்தது. எனக்கும் என் கணவருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்! கூடத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கும் மாடியில் என் மகள் வைத்திருக்கும் லாப்டாப்புக்கும்தான் பேச்சில்லை. பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு தூது போகிறவள் நான். மாடிப்படி ஏறி இறங்கும் முழங்கால் என்னுடையதல்லவா?

முழங்கால் போனால் போகட்டும். கூடத்துக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. உள்ளிருந்து அவ்வப்போது 'கர்கர்' என்று ஒரு சத்தம். காலஞ்சென்ற என் மாமியார் பாடி வைத்த மார்கழிப் பாட்டுக்கள் அதற்குள்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. பெட்டி கண்ணை மூடினால் அந்தக் குரலும் போய்விடும். ஆகவே இரண்டையும் பேச வைத்தே தீருவது என்று தீர்மானித்தேன்.

இதற்கு இன்டர்நெட் வேண்டுமென்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை, சகோதரிகளே! ஒரு வைஃபை ரௌட்டர் போதும். ஒரு பெட்டி சொல்வதை ரேடியோ அலையில் வாங்கி மற்றதற்குக் கொடுப்பது அதன் வேலை. 1971-லேயே ஹவாய் சர்வகலாசாலையார் தீவுக்குத் தீவு கம்ப்யூட்டர்களை இப்படி ரேடியோவில் பேச வைத்தார்கள். பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்கே தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய நாட்டில், வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-ல் சர்க்கார் விதி செய்தது. நமக்கு எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

ரௌட்டரை வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்தால் அலை மறிபடும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலையில்தான் வேலை செய்கிறது. அதன் பக்கத்தில் வேண்டாம். எங்களுடையதைப் போல் கனத்த சுவர் கொண்ட பழைய வீடானால் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4-தான் சுவர் தாண்டிப் போகும். வேகம் மட்டும் சற்றுக் குறைவு.

பிறகு இரண்டு கம்ப்யூட்டர்களையும் அதே வைஃபையில் சேர்த்து, 'இது எங்கள் சொந்த வலை' என்று இரண்டிலும் குறித்துவிடுங்கள். பாட்டுக்கள் உள்ள போல்டரை மட்டும் 'ஷேர்' செய்து, 'படிக்க மட்டும்' என்று அனுமதி கொடுங்கள். மாடியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், கை தவறி அழிக்க முடியாது. ஒரே பிற்பகலில் பாட்டுக்கள் அத்தனையும் லாப்டாப்புக்கு வந்து சேர்ந்தன. என் மகள் ஒன்றைப் போட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மாடிக்கு வந்து நின்றார்.

கடைசியாகப் பூட்டு விஷயம். பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள் கால் கழுவியதும் கேட்கும் முதல் கேள்வி, "அத்தை, பாஸ்வேர்டு என்ன?" என்பதுதான். விருந்தாளிக்குக் காபி கொடுக்கிறோம். பீரோச் சாவியைக் கொடுக்கிறோமா? அனேகமாக எல்லா ரௌட்டரிலும் 'கெஸ்ட்' என்று தனி வலை வைக்கலாம். அதில் சேர்ந்தவர்கள் படம் பார்க்கலாம், பேசலாம். நம் வீட்டுப் பத்திரம் உள்ள கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்க முடியாது. நமது வலைக்கு டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்ற பூட்டைப் போடுங்கள். பழைய 'வெப்' பூட்டின் பலவீனம் 2001-லேயே வெளியாகிவிட்டது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் யாருடைய குரல், யாருடைய படம் ஒரே பிரதியாகக் கிடக்கிறதோ! இன்று அடுப்பு வேலை முடிந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.