நானாக விலகவில்லை

2020 ஆகஸ்டில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனி ஆள்குறைப்பு செய்தது. திருத்தணியிலிருந்து விடியற்காலை கம்பெனி பஸ் ஏறுகிற எங்களில் பலருக்கு ஒரே வாரத்தில் போன் வந்தது. போனால், எச்.ஆர். அறையில் தாள் தயாராக இருக்கிறது. 'சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று டைப் அடித்து, பெயர், பணியாளர் எண் எல்லாம் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"போட்டுடும்மா, செட்டில்மென்ட் உடனே வந்துடும்" என்றார் அதிகாரி.

நான் போடவில்லை. முந்தின இரவே பக்கத்து வீட்டு அக்கா எச்சரித்து அனுப்பியிருந்தார். அவர் நோக்கியா தொழிற்சாலையில் இருந்தவர். 2014 நவம்பர் 1 அன்று அங்கே உற்பத்தி நிற்பதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அக்காவும் அதில் ஒருவர். "போகச் சொல்றது அவங்க. போறேன்னு நீ ஏன் பாப்பா எழுதித் தரணும்?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பணம் காப்பாற்றித் தந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊரில் வேலையில்லாதவர்களுக்கு அரசு உதவி என்றால் வேலைவாய்ப்பு அலுவலகத்து உதவித்தொகைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு மாதம் 300 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்கு. பொன்பாடி செக்போஸ்ட் தாண்டினால் ஆந்திரா. அங்கே 2018-இல் பட்டதாரிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஒரு திட்டம் வந்து, ஆட்சி மாறியதும் போய்விட்டது. இதில் எதுவுமே நேற்றுவரை வேலை பார்த்தவர்களுக்கானது இல்லை. எங்களுக்கான பணம் எங்கள் சம்பளச் சீட்டிலேயே இருந்தது.

சம்பளம் 15,000 என்றால் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்கு மாதம் 113 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 488 கட்டுவார். அதை ஆஸ்பத்திரிக்கான பிடித்தம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வேலை போனாலும் அதிலிருந்து உதவி உண்டு. 2018 ஜூலையில் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவின்படி, தினசரி சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு, 90 நாள்வரை தருவார்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச் 24 முதல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். முதலாளி வழியாகப் போக வேண்டியதில்லை, நேராக ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம் என்றும் ஆக்கினார்கள். 15,000 சம்பளக்காரருக்கு ஒரு நாளைக்கு 250. மொத்தம் 22,500 ரூபாய். பூட்டிய ஊரில் வாடகையும் பையனின் பள்ளிக் கட்டணமும் கொடுக்க வேண்டியிருந்த எனக்கு அது பெரிய பணம்.

இந்த உதவி கிடைக்க இரண்டு வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். கடைசி ஆறுமாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கும், தாமாக விலகியவர்களுக்கும், விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கும் கிடையாது. அந்த விதியைப் படித்தபோது எச்.ஆர். அறையில் நீட்டிய தாள் கண்முன் வந்தது.

விண்ணப்பத்தோடு கொடுக்க, அப்போது 20 ரூபாய் பத்திரத்தில் உறுதிமொழி எழுதி நோட்டரி கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பத்திரம் எழுதுபவர் வாக்கியம் வாக்கியமாக வாசித்துக் காட்டிக்கொண்டே டைப் அடித்தார். 'ஆள்குறைப்பால் வேலை இழந்து, இன்றுவரை வேலையின்றி இருக்கிறேன்' என்று வந்ததும் என் பக்கம் திரும்பி, "சரிதானேம்மா?" என்றார். சரிதான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. உறவுக்காரர்களிடம்கூட லீவு என்றே சொல்லிவந்தேன்.

கிளை அலுவலகத்தில் ஆதார், வங்கிப் புத்தகத்தோடு, என் பெயருக்கு நேரே கம்பெனி என்ன காரணம் பதிந்திருக்கிறது என்பதையும் பார்த்தார்கள். மாதாந்தரக் கணக்கில் 'வேலையை விட்டார்' என்பதற்கு ஒரு எண், 'ஆள்குறைப்பு' என்பதற்கு வேறொரு எண். பணம் வங்கிக் கணக்கில் ஏறியது.

ஆந்திராவின் நகரியிலிருந்து வந்து அதே கம்பெனி பஸ்ஸில் ஏறியவளுக்குக் கிடைக்கவில்லை. ஈ.எஸ்.ஐ.க்கு மாநில எல்லை கிடையாது, சந்தா நாள்களும் அவளுக்குச் சரியாக இருந்தன. ஆனால் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாள். வீட்டில் இரண்டு குழந்தைகள், செட்டில்மென்ட் உடனே வரும் என்றால் யார்தான் போடமாட்டார்கள்? 240 நாள் வேலை பார்த்தவரை ஆள்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும், வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் தர வேண்டும் என்று அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப் பிரிவு சொன்னது. அந்த ஒரு கையெழுத்தில் அதற்கான வாதமும் பலமிழந்துவிட்டது.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன், மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். ஆனால் இந்த உதவி வாழ்நாளில் மொத்தமே 90 நாள்தான். என் பங்கு தீர்ந்துவிட்டது. இன்னும் இருபது வருடம் சந்தா கட்டப்போகிறவளுக்கு இரண்டாவது முறை கிடையாது என்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. கட்டிய வருடங்களுக்கு ஏற்ப நாள்கள் கூட வேண்டும். ராஜினாமா என்று வந்தால், அது விரும்பி எழுதியதா என்று கிளை அலுவலகமே தொழிலாளியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.