பந்தயக் கணக்கு

குடியானவன் அறுவடையானதும் களத்து நெல்லை அளந்து பார்க்கிறான்; உடனே அடுத்த போகத்துக்கு விதைநெல்லை எடுத்து வைக்கிறான். விளைச்சல் குறைந்த வருஷத்தில் இந்தக் காரியத்தை இன்னும் கவனமாகச் செய்வான். ஓட்டப் பந்தயக்காரர்களுக்கும் இப்படி ஓர் அறுவடைக் காலம் உண்டு. அவர்களில் பலர் பதக்கங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு விதைநெல்லை மறந்து விடுகிறார்கள்.

நமது தமையனாரின் புதல்வி கல்லூரியில் படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுகிறவள். இந்த வருஷம் ஆறு பந்தயங்களில் ஓடினாள். கடைசிப் பந்தயத்தில் நாலாவதாக வந்தாள். மறுநாள் காலணிகளைப் பரண்மேல் போட்டுவிட்டு, "போதும், சித்தப்பா! இனிமேல் படிப்பைப் பார்க்கிறேன்" என்றாள். வீட்டுப் பெரியவர்களுக்கு உள்ளூரச் சந்தோஷம். நமக்கோ அந்தக் குரலில் படிப்பின் மேலுள்ள ஆசையை விட மனக்கசப்பே அதிகமாகத் தொனித்தது.

நாம் வாதாடவில்லை. அவள் பயிற்சிக் கணக்கு எழுதி வந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கினோம்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. ஆறு பந்தயங்களிலும் முதல் 400 மீட்டரை அநேகமாக ஒரே நேரத்தில் ஓடியிருக்கிறாள். நேரம் நழுவியதெல்லாம் அதற்கடுத்த 200 மீட்டரில்தான். இன்னொரு விசித்திரம்: அவளுடைய மிகச் சிறந்த ஓட்டம், பரீட்சைக்காகப் பயிற்சியைக் குறைத்திருந்த வாரத்துக்குப் பிறகு வந்தது. அதை அதிருஷ்டம் என்றே அவள் எண்ணியிருந்தாள்.

அப்போது ரோஜர் பானிஸ்டரின் கதையைச் சொன்னோம். 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் பந்தயத்தில் அவரும் நாலாவதாகத்தான் வந்தார். வைத்தியம் படித்துக் கொண்டிருந்த அவர் ஓட்டத்தை விட்டு விடலாமா என்றுகூட யோசித்தார், விடவில்லை. 1954-ல், பத்துத் தடவை 440 கஜம் ஓடும் பயிற்சியில் 61 விநாடிக்குக் கீழே இறங்க முடியாமல் தவித்தார். ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சில நாட்கள் ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார். திரும்பி வந்ததும் 59 விநாடியில் ஓடினார். அவ்வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி, ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடி, நாலு நிமிஷத் தடையை முதன் முதலில் உடைத்தார்.

நம் நாட்டு மில்கா சிங் 1956-ல் மெல்போர்னில் முதற் சுற்றிலேயே வெளியேறினார். ஆனால் 400 மீட்டரில் வென்ற சார்லஸ் ஜென்கின்ஸிடம் பயிற்சி முறையைக் கேட்டறிந்த பிறகே ஊர் திரும்பினார். 1958-ல் கார்டிஃபில் 440 கஜத்தில் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதினாள்: களைத்த கால்களோடு 200 மீட்டர் ஓடிப் பழக வேண்டும்; பந்தயத்துக்கு முந்திய வாரம் பயிற்சி பாதியாக வேண்டும். அதைப் பயிற்சியாசிரியரிடம் காட்டிச் சம்மதமும் வாங்கி வந்தாள்.

அடுத்த வருஷம் அவள் ஜெயிப்பாளா என்று நமக்குத் தெரியாது. நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் வீட்டுக் குழந்தை மைதானத்திலிருந்து திரும்பும்போது, "பரிசு உண்டா?" என்பதற்கு முன்னால், "எந்த இடத்தில் மூச்சு வாங்கிற்று?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் விதைநெல் இருக்கிறது.