சேம அச்சு

புறநானூற்றின் 102ஆம் பாட்டில், அதியமானின் மகன் பொகுட்டெழினியை முழுநிலவோடு ஒப்பிடுமுன் ஔவையார் இன்னோர் உவமையைச் சொல்கிறார். உப்பு வணிகரின் வண்டி அது. எருதுகள் நுகம் பழகாதவை, பாரமோ பெரிது, வழியில் பள்ளமும் உண்டு, மேடும் உண்டு. ஆகவே உமணர் வண்டியின் கீழே மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டே புறப்படுகிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் அவன் என்கிறார். ஓர் இளவரசனுக்கு இதைவிடப் பெரிய புகழுரை அரிது என்பது நம் எண்ணம். வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து “ஸ்டெப்னி!” என்று ஒரு குரல் எழும். (அச்சொல் வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரத் தெரு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது என்றால் எவரும் நம்புவதில்லை.)

அப்படிக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பின்னாளில் வெள்ள மீட்புப் பணிக்குச் சென்றார். 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் ரப்பர் படகு ஓட்டியவர். அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தப் படகில் சேம மோட்டார் உண்டா என்று கேட்டோம்.

“இல்லீங்க ஐயா. 25 எச்.பி. மோட்டார் 50 கிலோ வரும். அது ஒரு ஆளு. யாரை எறக்கி விட்டுட்டு அதை ஏத்துறது?”

மோட்டார் நின்றுபோனால் துடுப்பு. புரொப்பெல்லரில் சேலையோ கயிறோ சுற்றிக்கொண்டால் அறுத்தெறிய இடுப்பில் ஒரு கத்தி. அவ்வளவே அவர்கள் சேமம்.

தெருவெள்ளத்தில் அது போதும். பிடித்துக்கொள்ளச் சுவரும் மரமும் இருக்கின்றன. கடலில் கதை வேறு. காற்றடைத்த சிறு படகு நீரைக் கிழித்துச் செல்வதில்லை, நீரின்மேல் அமர்ந்திருக்கிறது. கரையிலிருந்து வீசும் காற்றுக்கு அது ஒரு சருகு. மோட்டார் நின்றுவிட்டால், அதன் குட்டைத் துடுப்புகளால் எதிர்க்காற்றில் கரையை எட்டுவது பல வேளைகளில் ஆகாத காரியம். அதனால்தான் தனியே மீன்பிடிக்கச் செல்வோர் இரண்டாவதாக ஒரு சிறு மோட்டாரையும் கொண்டுபோகிறார்கள். 2.5 குதிரைத்திறன் உள்ளது ஏறத்தாழ 17 கிலோ; மூன்று மீட்டர்ப் படகில் அதற்கு இடம் உண்டு.

ஆனால் அது சேம அச்சாகுமா? உமணரின் அச்சு முறிவது பாரத்தாலும் பள்ளத்தாலும். அதற்கு மாற்று, அதே போன்ற இன்னோர் அச்சுதான். மோட்டார் பெரும்பாலும் முறிந்து நிற்பதில்லை. பெட்ரோல் கெட்டு நிற்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீர் ஓரளவைக் கடந்தால் எத்தனாலோடு பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். முதல் மோட்டாரை நிறுத்திய அதே தொட்டியின் குழாயை இரண்டாவதில் மாட்டினால் அதுவும் நிற்கும். ஒரே நோய்க்கு இரண்டு நோயாளிகள்! மாற்று மோட்டாருக்குத் தனித் தொட்டி வேண்டும். அல்லது அது பேட்டரியில் ஓடுவதாக இருக்கவேண்டும்.

இன்னொன்று. மர அச்சு வண்டிக்கடியில் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் அச்சுத்தான். மோட்டாரோ சும்மா இருந்தே கெடுவது. உள்ளே தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். அவ்வப்போது அதைக்கொண்டே கரை திரும்பிப் பார்ப்பவருக்குத்தான் அது உள்ளபடியே உதவும். பேட்டரிக்கும் இதே விதி. மின்னேற்றாது மூலையில் வைத்த பேட்டரி வெறும் சுமை.

காற்றுப்படகுகளின் வரலாற்றில் இந்த முன்னெச்சரிக்கை தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. 1840களில் ஆங்கிலக் கடற்படை அதிகாரி பீட்டர் ஹால்கெட் செய்த படகு, மடித்தால் மேலங்கி, ஊதினால் தோணி. காற்று ஒரே பையில் இல்லை. நான்கு தனி அறைகளில். ஒன்று பொத்துக்கொண்டாலும் மற்றவை தாங்கும். கைத்தடியில் பூட்டினால் துடுப்பு. குடையை விரித்தால் பாய். கை சோர்ந்தால் காற்று, காற்று ஓய்ந்தால் கை. மோட்டார் பிறப்பதற்கு முன்பே, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு விசைகளை அந்த மனிதர் ஒரு மேலங்கிக்குள் மடித்து வைத்துவிட்டார்! கடற்படை அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்கவில்லை. ஜான் ரே போன்ற ஆர்க்டிக் பயணிகளுக்கு அது பயன்பட்டது.

மாற்றும் கைவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஆலன் பொம்பார் இருக்கிறார். 1952 அக்டோபர் 19 அன்று, நாலரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான காற்றுப்படகில், மோட்டார் இல்லாமல், லாஸ் பால்மாஸிலிருந்து தனியாக அட்லாண்டிக்கில் இறங்கிய பிரெஞ்சு மருத்துவர். புறப்பட்ட சில நாள்களிலேயே பாய் கிழிந்தது. சேமப் பாயைக் கட்டினார். காற்று அதைப் பிடுங்கிப் பட்டம்போலக் கொண்டுபோய்விட்டது. பிறகு அவர் உட்கார்ந்து, கிழிந்த பழைய பாயை ஊசி நூலால் தைத்து மீண்டும் ஏற்றினார். டிசம்பர் 23 அன்று பார்படோஸில் கரையேறினார்.