கீ-போர்டு யார் கையில்?

1994. நான் பிளஸ் டூ. எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் ரூம் என்பது கிட்டத்தட்ட கர்ப்பகிரகம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழையணும். உள்ளே ஏ.ஸி. அந்த ஏ.ஸி.க்காகவே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த புண்ணியவான்கள் உண்டு. (கையைத் தூக்கிவிடுகிறேன். நானும்தான்.)

ஒரு மெஷினுக்கு நாலு பேர். கீ-போர்டு முன்னால் எப்போதும் நான். திறமையால் அல்ல, ஓட்டத்தால். மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடிப் போய் நாற்காலியைப் பிடித்துவிடுவேன். பக்கத்தில் என் நண்பன். பெயர் வேண்டாம், இன்றைக்கும் அவன் கை கொஞ்சம் கனம்.

"ஒரு தடவை நான் அடிக்கிறேன்டா" என்பான்.

"உனக்குத் தெரியாதுடா, லேட்டாயிடும். நானே முடிச்சிடறேன். நீ பாத்துக்கோ."

இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டான், பாவி.

பிராக்டிகல் எக்ஸாம் வந்தது. ஆளுக்கு ஒரு மெஷின். கொடுத்த எண் பகா எண்ணா என்று கண்டுபிடிக்கிற புரோகிராம். பேப்பரில் அவன் எழுதியது கச்சிதம். ஆனால் கீ-போர்டில் எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் குத்தி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வெளியே வந்து, "கமா எங்கடா இருக்கு?" என்று மட்டும் கேட்டான். அதற்கப்புறம் அவன் கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காலேஜில் பி.காம். சேர்ந்துவிட்டான்.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. ஞாபகப்படுத்தியவன் என் பையன்.

எட்டாவது படிக்கிறான். போன வருஷம் வகுப்பில் நாலு பேருக்கு ஒரு புராஜெக்ட்: வைகை ஆறு. அவரவர் வீட்டிலிருந்தே ஒரே ஃபைலில் எல்லோரும் எழுதலாம். ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்கு இவன் மட்டும் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"மத்த மூணு பேரும் எங்கேடா?"

"அவங்களுக்குத் தெரியாதுப்பா, லேட்டாயிடும். நானே முடிச்சிடறேன்."

சுரீர் என்றது. நான் கழற்றிப்போட்ட சட்டை பையன் மேல் அப்படியே பொருந்தியிருந்தது.

அந்த மாதிரி ஃபைலில் ஒரு வசதி உண்டு. யார், எப்போது, என்ன அடித்தார்கள் என்பது சித்ரகுப்தன் ஏடு மாதிரி பதிவாகியிருக்கும். திறந்து பார்த்தேன். ஒரு மாணவி அணையைப் பற்றி ஏழு வரி எழுதியிருந்தாள். இவன் அதை அழித்துவிட்டுத் தானே எழுதியிருந்தான்! கேட்டால், "அவ கிளாஸ்ல வாயே திறக்க மாட்டாப்பா" என்றான்.

கம்ப்யூட்டர் வழியாகச் சேர்ந்து படிப்பது புது விஷயம் இல்லை. 1980-களிலேயே கனடாவின் டொரான்டோவில் மார்லீன் ஸ்கார்டமாலியா, கார்ல் பெரைட்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வகுப்புக் கம்ப்யூட்டர்களை இணைத்து ஒரு பொது நோட்டுப் போல ஆக்கினார்கள். ஒரு குழந்தை 'இது புரியலை' என்று எழுதும். இன்னொன்று 'நான் இப்படி நினைக்கிறேன்' என்று சேர்க்கும். மூன்றாவது 'அதெப்படி?' என்று மடக்கும். இதில் இருக்கிற பெரிய லாபம், வாயே திறக்காத பிள்ளைக்கும் பேச இடம் கிடைப்பது. எழுத நேரம் இருக்கிறது, யாரும் நடுவில் வெட்டிப் பேச முடியாது. அடுத்தவனுக்கு விளக்கப் போகும்போதுதான் நமக்கே எது புரியவில்லை என்பதும் புரிகிறது.

நஷ்டமும் அங்கேயே இருக்கிறது. வேகமானவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறான். மற்றவர்கள் 'அவன் பாத்துப்பான்' என்று தூங்குகிறார்கள். மார்க் மட்டும் நாலு பேருக்கும் சமம். (ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து ரிப்போர்ட் தயாரித்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே ஸார்!)

இதற்கு மருந்து கம்ப்யூட்டரில் இல்லை, வேலையைப் பிரிக்கும் விதத்தில் இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவது. அவரவர் தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒருத்தர் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் படம் முழுமையாகாது.

அதையே செய்யச் சொன்னேன். அழித்த ஏழு வரி திரும்ப வந்தது. பையன் முணுமுணுத்தான்.

புராஜெக்டுக்குப் பத்துக்கு ஏழு மார்க். எழுத்துப்பிழை ஏகம். "நானே செஞ்சிருந்தா பத்து" என்று குதித்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "அணை எப்போ திறந்தாங்கன்னு டீச்சர் கேட்டாங்கப்பா. எனக்குத் தெரியலை. அவதான் எழுந்து 1959-னு சொன்னா. மூணு கேள்விக்கு மடமடன்னு பதில் சொன்னா."

அன்று ராத்திரி நண்பனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, "ஸாரிடா" என்றேன். சிரித்தான்.

"விடுடா. ஒரு நாள் புரோகிராம் முழுக்க நீ அடிச்சிட்டு, கடைசியில என்டர் கீயை மட்டும் என்னைத் தட்டச் சொன்னியே. அது இன்னும் ஞாபகம் இருக்கு."

எனக்குத்தான் ஞாபகம் இல்லை.