அட்டையும் வயிறும்

லண்டனில் குடித்தனம் செய்யும் என் தமக்கை மகள் ஒருநாள் டெலிபோனில் ஓவென்று அழுதாள். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. பதறிப்போனோம். விசாரித்தால் விஷயம் வேறு. டாக்டர் சீட்டைக் காட்டி இலவசமாக மருந்து வாங்கியிருக்கிறாள். பின்னாலேயே அபராதக் கடிதம் வந்துவிட்டது!

அங்கே 1952-ல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் ஏற்படுத்தினார்கள். 2024-ல் அது ஒரு மருந்துக்கு 9 பவுன் 90 பென்ஸ் ஆயிற்று. கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டு. பிரசவத் தேதிக்குப் பின் ஒரு வருஷம் வரை உண்டு. ஆனால் விலக்குப் பத்திரம் வாங்கியிருக்க வேண்டும். வாங்காவிட்டால் கட்டணத்தோடு அதில் ஐந்து மடங்கு, 100 பவுன் வரை, அபராதம். அப்படி ஒரு பத்திரம் இருப்பதே இவளுக்குத் தெரியாது. வேல்ஸில் 2007-லும் ஸ்காட்லாந்தில் 2011-லும் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அங்கே இந்த வம்பில்லை.

“நம் ஊரே தேவலை” என்றேன். அந்தப் பெருமை கச்சிராயபாளையம் வரைதான் நிலைத்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து, கல்வராயன் மலையேறும் வெள்ளிமலை பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்தேன். மருந்துக் கடையில் மலைக்காரக் கிழவி ஒருத்தி சுருக்குப்பையைக் கவிழ்த்துச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மருமகள், நிறைமாதம், முகம் வெளுத்திருந்தது. வாங்கியது இரும்புச்சத்து மாத்திரை.

“ஏன் பாட்டி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதைச் சும்மா கொடுப்பார்களே?”

“அட்டைய ஊட்லயே வுட்டுட்டு வந்துட்டோம் சாமி. அது இல்லாம போனா திட்டுவாங்க.”

எங்கேயோ ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு வாசற்படி மிதிக்கவே பயம். நம் நாட்டில் அபராதம் இல்லைதான். 2011-ல் வந்த மத்திய சர்க்கார் திட்டப்படி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, போகவர வண்டி, சிசேரியன் எதற்கும் காசு கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு நிதிக்குத்தான் பிக்மி நம்பர் வேண்டும். 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்த உதவி அது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த நம்பரைக் கேட்கிறார்கள். பணத்துக்குக் கேட்கும் காகிதத்தை மாத்திரைக்கும் கேட்பார்கள் என்று கிழவி நினைத்ததில் என்ன தப்பு? லண்டனில் படித்தவளுக்கே புரியவில்லையே!

இதையெல்லாம் நடுத்தெருவில் நின்று விளக்கினேன். கிழவி பொறுமையாகக் கேட்டாள்.

“நீ கூட வந்து சொல்றியா சாமி?”

அதற்குள் வெள்ளிமலை பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஏறிவிட்டேன். ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தபோது கிழவி மறுபடியும் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாள்.