லிங்கனில் இரண்டு சாசனங்கள்

அன்புள்ள மாலதி,

லிங்கன் கோட்டைக்குள் மங்கிய வெளிச்சத்தில் இரண்டு தோல் ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று, நீ ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா. மிஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்று. கூட்டமெல்லாம் அதன் முன்னால்தான். நான் அடுத்ததை விட்டு நகரவில்லை. அது 1217 நவம்பரில் வந்த வன சாசனம். அந்த ஆண்டுப் பிரதிகளில் இதுவும் டர்ஹாமில் இருப்பதும் மட்டுமே தப்பியிருக்கின்றன.

அன்றைய இங்கிலாந்தில் வனம் என்றால் மரங்கள் மட்டுமல்ல. அரசனின் வேட்டைக்காகத் தனிச் சட்டத்துக்குள் வளைக்கப்பட்ட நிலம் அது. ஊரும் வயலும்கூட அதற்குள் அகப்பட்டன. மான் கொன்றவன் கண்ணை இழந்த காலம் உண்டு. சொந்த நிலத்தில் குளம் வெட்டவும் அனுமதி வேண்டும்.

இதைத்தான் சாசனம் மாற்றியது. சுதந்திர மனிதன் தன் தோப்பில் பன்றி மேய்க்கலாம். அயலாருக்குக் கேடில்லாமல் ஆலை, குளம் அமைக்கலாம். அவன் தோப்பில் கிடைக்கும் தேன் அவனுக்கே. மானுக்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது. அபராதம் கட்ட வழியற்றவனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை. அதே ஆண்டு திருத்தி வெளியிட்ட மாக்னா கார்ட்டாவிலும் ஒரு புது வரி சேர்ந்தது: கைம்பெண் பொது நிலத்திலிருந்து தன் நியாயமான தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிலத்தை ஒருவர் ஆளலாம், அதன் பயனில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் அந்த வரியில் இருக்கிறது. சொத்துரிமை என்றதும் வேலி போடுவதையே நினைக்கும் நமக்கு இது பெரிய பாடம்.

அரசன் மூன்றாம் ஹென்றிக்கு அப்போது பத்து வயது. சொந்த முத்திரைகூட இல்லை. அவனுக்காக முத்திரையிட்டவர்கள் போப்பின் தூதர் குவாலாவும், ஆட்சிப் பொறுப்பிலிருந்த வில்லியம் மார்ஷலும். ஏறக்குறைய எழுபது வயதில் மார்ஷல் அந்த மே மாதம்தான் இதே ஊரில் போரிட்டு வென்றிருந்தார். ஆட்சி நிலைக்க மக்களின் நம்பிக்கை வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

குறையும் பெரிது. ‘சுதந்திர மனிதன்’ என்ற சொல்லுக்குள் பண்ணையடிமைகள் வரவில்லை. உழுதவர்களில் பெரும் பகுதியினர் அவர்களே. ஆனாலும் சுதந்திரத்தை அடுப்பும் மேய்ச்சலும் வரை கொண்டுவந்த இந்த ஆவணத்தை நான் மாக்னா கார்ட்டாவுக்கு இணையாகவே வைப்பேன். 1971 வரை அது சட்டமாக இருந்தது.

அடுத்த முறை 1215ஐ நடத்தும்போது, 1217க்கும் ஒரு வகுப்பு ஒதுக்கு.

அன்புடன்,
கலா